நாள்தோறும் ஒரு பிரிவு: தாம்பரம் நிலையமும் பயண மகளிரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகச் சங்க இலக்கியத்தையும் காப்பியங்களையும் பேசி வந்த அவை இது. இந்த அவையில் ஓர் இரயில் நிலையத்தைப் பற்றிய உரை எதற்கு என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். தமிழ் இலக்கணம் பிரிவைத் தனியொரு திணையாகவே வகுத்தது. அதற்குப் பாலை என்று பெயரிட்டது. பொழுதும் நிலமும் குறித்தது. பிரிந்து செல்வோர் யார், எதன்பொருட்டுப் பிரிவர், எவ்வளவு காலம் பிரிந்திருக்கலாம் என்றெல்லாம் வரையறை செய்தது. இன்று மக்கள் வீட்டைப் பிரிவதும், மாலையில் வீட்டை நோக்கி மீள்வதும் பேரளவில் நிகழும் இடம் எது என்று தேடினால், புறநகர் இரயில் நிலையம் கண்முன் வந்து நிற்கிறது. ஆகவே பாலையையும் முல்லையையும் பயின்றவர்கள் இந்த நிலையத்தைப் பாராமல் கடந்து செல்வது முறையாகாது.

சென்னைக் கடற்கரை – செங்கற்பட்டு வழித்தடத்தில் நிலையங்கள் பல உள்ளன. அவற்றுள் தாம்பரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைப் பயன்படுத்தும் மகளிரை முன்னிறுத்தி இவ்வுரை அமைகிறது.

இருப்புப்பாதை வளர்த்த ஊர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்நாளைய இரயில் தொலைவூர்களை இணைத்தது. ஒருவர் காலையில் சென்று மாலையில் திரும்பும் பயணத்துக்கென அது அமைந்ததில்லை. அத்தகைய பயணத்தைச் சென்னையில் இயல்பாக்கியது மின்சார இரயிலே. 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அன்றைய ஆளுநர் ஸ்டான்லி அதனைத் தொடங்கிவைத்தார். அவ்வாண்டு மே 11-ஆம் நாள் முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்தொடர் வண்டிகள் பொதுமக்களுக்காக ஓடலாயின. பம்பாயில் 1925-இல் மின்சார இரயில் வந்தது. அதற்கு ஆறே ஆண்டுகளில் சென்னைக்கும் அது வாய்த்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தடம் இடையிலிருந்த ஊர்களின் முகத்தையே மாற்றிவிட்டது. தோல் பதனிடும் குரோம் தொழிற்சாலையின் பெயரால் குரோம்பேட்டை என ஓர் ஊர் வழங்கலாயிற்று. தாம்பரத்திற்கு அருகில் 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளர்க்கென ஒரு நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். நல்ல காற்றைத் தேடி அமைந்த அந்த இல்லத்தின் பெயராலேயே ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையம் இன்றும் வழங்குகிறது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1984-இல் ஏற்றுமதிப் பொருள் உற்பத்திக்கான தனி வளாகம் சானடோரியத்தில் உருவாயிற்று. 1960-களில் மின்னோட்ட முறை மாறியது. 2004-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளோடு மீட்டர் பாதை வண்டிகள் விடைபெற்று அகலப்பாதை வண்டிகளே நிலைத்தன. ஒன்பது பெட்டிகள் பன்னிரண்டாயின. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாக உயர்ந்தது.

இவ்வளவும் ஊரின் வரலாறு. அந்த ஊரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நாள்தோறும் வண்டி ஏறும் பெண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் எழுதப்படவில்லை. இலக்கணத்தின் துணைகொண்டு அதனை இங்குச் சற்று நோக்கலாம்.

பிரிந்தவனும் இருந்தவளும்

கல்வி, தூது, பகை, பொருள் என்பன பிரிவுக்குரிய காரணங்களாகத் தொல்காப்பியத்தில் கூறப்படுகின்றன. இவற்றுள் எதன்பொருட்டாயினும் பிரிந்து செல்பவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. செல்லுதல் ஆணுக்கும் இருத்தல் பெண்ணுக்கும் என்பது அகத்திணை மரபின் பொதுப்போக்கு. பாலையின் பொழுது நண்பகல். முல்லையின் பொழுது மாலை. அவன் சுரத்தில் நடக்கும்போது அவளுக்கு மாலை வருகிறது, விளக்கு ஏற்றப்படுகிறது, வாயிலை நோக்கி அவள் விழிகள் திரும்புகின்றன. இந்த ஓவியத்தின் அழகில் ஈடுபடாதவர் தமிழ் பயின்றவருள் எவரும் இலர்.

காலை ஏழு மணிக்குத் தாம்பரம் நடைமேடையில் நின்று பார்த்தால் இந்த ஓவியம் தலைகீழாய்த் தெரியும். பொருள்வயிற் பிரிவோருள் பெண்களே ஒரு பெருங்கூட்டம். சமைத்து முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, மாமியாருக்கு மருந்தெடுத்து வைத்து, தம் உணவுப் பெட்டியைத் தோள்பையில் இட்டுக்கொண்டு அவர்கள் வருகின்றனர். பிரிவு காலையில் நிகழ்கிறது, மீள்வது இரவில். நாளை மீண்டும் பிரிவு. ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்த பிரிவைப் பாடிய மரபு, நாளுக்கு ஒருமுறை நிகழும் இப்பிரிவை இன்னும் முழுமையாகப் பாடவில்லை.

ஓதற்பிரிவும் அவ்வாறே மாறியுள்ளது. கல்வியின்பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்றாண்டினைக் கடத்தல் ஆகாது என்பது தொல்காப்பியத்துக்கு உரையாளர் கண்ட பொருள். இன்றைய இளநிலைப் பட்டப்படிப்பும் பெரும்பாலும் மூன்றாண்டாய் அமைந்திருப்பது ஒரு சுவையான ஒற்றுமை. மறைமலைநகரிலிருந்தும் ஊரப்பாக்கத்திலிருந்தும் புத்தகப் பையோடு வண்டி ஏறும் மாணவி அந்த மூன்றாண்டுப் பிரிவைத் துண்டு துண்டாய், ஒரு நாளைக்கு ஒரு பகல் வீதம் நிறைவேற்றுகிறாள். தலைவனுக்கென்றே இருந்த ஓதற்பிரிவு அவளுக்கும் வாய்த்தமைக்கு அவளுடைய பெற்றோரும் பள்ளியும் மட்டும் காரணமாகார். மாலையில் வீடு திரும்ப ஒரு வண்டி உண்டு என்னும் நம்பிக்கையும் ஒரு காரணம். அந்த நம்பிக்கை இல்லாத ஊரில், மதிப்பெண் எவ்வளவு பெற்றாலும், ‘பெண்பிள்ளையை அவ்வளவு தொலைவு எப்படி அனுப்புவது’ என்ற ஒரு கேள்வியோடு படிப்பு நின்றுபோவதுண்டு.

மோர் விற்ற ஆய்மகள்

பண்டைத் தமிழ்ப் பெண்கள் அனைவரும் இல்லத்தில் இருந்தவர்கள்தாமா என்ற வினாவும் எழுதல் இயல்பு. இலக்கணம் வகுத்த தலைவி இருந்தாள். ஆயின் பாட்டுகளின் ஓரங்களில் நடமாடிய உழைக்கும் மகளிர் இருக்கவில்லை. அவர்கள் சென்றார்கள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டது. பாணன் செல்லும் வழியில் ஓர் ஆய்மகள் காட்சி தருகிறாள். விடியற்போதில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலைமேல் ஏற்றிச் சென்று விற்கிறாள். மோருக்கு ஈடாகப் பெற்ற உணவால் தன் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யின் விலையாகப் பொன்னைக் கொள்ளாமல், எருமையையும் பசுவையும் பெற்றுத் தன் தொழிலுக்கு முதலாக்குகிறாள். குடும்பத்தை ஊட்டுபவளும் முதலைப் பெருக்குபவளும் அவளே. உப்பை விலை கூறித் தெருவழிச் செல்லும் உமணப் பெண்ணை அகநானூற்றில் காண்கிறோம்.

கடற்கரை – செங்கற்பட்டுத் தடமும் அதிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிப் பிரியும் பாதையும் செல்வது அந்த ஆய்மகள் நடந்த தொண்டை நாட்டின் வழியேதான். விடியற்காலை நான்கு மணியளவில் ஓடத் தொடங்கும் வண்டிகளில் அவளுடைய வழிவந்தோரைக் காணலாம். செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கீரைக்கட்டுகளோடும் பூக்கூடைகளோடும் அவர்கள் ஏறுகின்றனர். வண்டி ஓடும்போதே கால்நீட்டி அமர்ந்து, மடியில் நார் வைத்துப் பூத்தொடுக்கின்றனர். மாம்பலத்தில் இறங்குவதற்குள் உதிரிப்பூ முழம்போடும் சரமாகிவிடுகிறது. பயணநேரம் அவர்களுக்கு ஓய்வுநேரமன்று, பட்டறைநேரம். ஒரு வண்டி தவறினால் பூ வாடும், சந்தை கலையும், அன்றைய வட்டிக்கு வாங்கிய முதல் கைக்கு வராது. நேரந்தவறாமை என்பது அலுவலகப் பணியாளர்க்கு ஓர் ஒழுங்கு. பூக்காரம்மாளுக்கு அதுவே உணவு.

நிலையத்தின் நான்கு பொழுதுகள்

முதற்பொருளாகிய பொழுதைக்கொண்டு நிலையத்தை நோக்கினால் அதன் மக்கள் தெளிவாகப் புலப்படுவர்.

வைகறை, பூவும் கீரையும் விற்பவர்க்கும், நகரின் தெருக்களையும் அலுவலகங்களையும் பிறர் வரும்முன் தூய்மை செய்யச் செல்லும் பெண்களுக்கும் உரியது. காலை ஆறுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட நேரம் தொழிலகப் பெண்களுடையது. ஏற்றுமதி வளாகத்தின் ஆடைத் தொழிலகங்களுக்கும் மின்னணுத் தொழிலகங்களுக்கும் செல்லும் இளம்பெண்கள் சானடோரியத்தில் திரளாக இறங்குவர். சுருதி பிசகாத ஒரு சீரோடு அவர்கள் மேம்பாலப் படிகளில் ஏறுவர். வாயிற்காப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அந்த நடையிலேயே தெரியும். எட்டுக்குப் பின் மாணவியரும் அலுவலக மகளிரும். நண்பகலில் கூட்டம் குறைய, மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர்களும், பர்மா பஜார் முதல் பல்லாவரம் வரை பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி ஊக்கு, சீப்பு, கடலைமிட்டாய் விற்கும் பார்வையற்ற வணிகர்களும் வருவர். மாலை ஐந்துக்குப் பின் அனைவரும் ஒருசேரத் திரும்புவர்.

தாம்பரம் நிலையம் ஊரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, கிழக்கே கல்லூரியும் வேளச்சேரிக்குச் செல்லும் சாலையும். ஒரு பக்கத்தில் வீடும் மறுபக்கத்தில் பேருந்தும் உள்ளவர்க்கு நடைமேம்பாலமே தெருவாகிவிட்டது. மூட்டுவலியுள்ள பெண்ணொருத்தி ஒரு கையில் காய்கறிப் பையும் மறுகையில் பிள்ளையுமாய் அப்படிகளில் ஏறும் காட்சியைப் பார்த்தவர்கள், சிலர் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க முற்படுவது ஏன் என்பதை அறிவர். அது பிழையே. உயிரைப் பறிக்கும் பிழை. ஆயின் அந்தப் பிழையில் படிகளுக்கும் பங்குண்டு.

மகளிர் பெட்டி இந்நிலையத்தின் தனியுலகம். நாள்தோறும் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்று செல்வோர்க்குள் உறவொன்று வளர்ந்துவிடுகிறது. வயதில் மூத்தவரை ‘அக்கா’ என்றும், இளையவளை ‘கண்ணு’ என்றும் அழைக்கின்றனர். பெயர் தெரியாமலே ஆண்டுகள் பல பழகியவர்கள் உண்டு. வளைகாப்புக்கு வளையல் வாங்குவதும், சீட்டுப் பிடிப்பதும், வரன் பார்ப்பதும், வேலைக்கு ஆள் வேண்டும் என்ற செய்தி பரவுவதும் இப்பெட்டியில்தான். அகத்திணையில் தலைவிக்குத் தோழி உண்டு. பொருள்வயிற் பிரியும் தலைவிக்குத் தோழியர் இருப்பது இந்தப் பெட்டியில்.

சீட்டின் கணக்கு

இப்பயணத்தைச் சாத்தியமாக்கியது ஒரு சிறிய அட்டை. அதற்குச் சீசன் சீட்டு என்று பெயர். ஏறத்தாழப் பதினைந்து ஒருவழிப் பயணங்களுக்குரிய கட்டணத்தில் ஒரு திங்கள் முழுதும் சென்றுவரலாம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. இருபத்தைந்து நாள் வேலைக்குச் செல்பவர் ஐம்பது முறை பயணம் செய்வார். அவர் செலுத்துவது பதினைந்துக்கு மட்டும். மூன்று திங்களுக்குரிய சீட்டு இன்னும் சற்று மலிவு. சிறுவருவாய்க் குடும்பத்தில் ஒரு பெண் வேலைக்குப் போகலாமா என்ற ஆலோசனை நடக்கையில், இந்தக் கணக்கே முடிவைத் தீர்மானிக்கிறது. பேருந்துக்கும் தானிக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதென்ன என்று கேட்கும் கணவனுக்கும் மாமியாருக்கும் அவள் காட்டும் விடை அந்த அட்டைதான்.

பட்டப்படிப்பு வரை பயிலும் மாணவியர்க்கு வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டைக் கட்டணமின்றி வழங்கும் ஏற்பாட்டையும் இரயில்வே செய்தது. அதனை அறியாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. 2009-ஆம் ஆண்டு, திங்கள் வருவாய் 1,500 ரூபாய்க்கு மேற்படாத அமைப்புசாராத் தொழிலாளர்க்கு 25 ரூபாயில் 100 கிலோமீட்டர் வரை செல்லும் மாதச் சீட்டு அறிவிக்கப்பட்டது. அதற்கு ‘இஸ்ஸத்’ என்று பெயர் சூட்டினர். உருதுவில் அச்சொல்லுக்கு மானம், மதிப்பு என்பன பொருள். பயணச் சீட்டுக்கு மானம் என்று பெயரிட்டவர் பொருத்தமறிந்தே பெயரிட்டார். சீட்டில்லாமல் அச்சத்தோடு செல்வதற்கும், சீட்டோடு தலைநிமிர்ந்து செல்வதற்கும் உள்ள வேறுபாடு மானமே. அவ்வாண்டிலேயே சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மகளிர்க்கென்றே தனி வண்டிகளும் விடப்பட்டன.

நின்றே கழியும் நாள்

இனி, இவ்வுரையின் உட்பொருளாகிய ஒருத்தியைக் காணலாம். அவளுக்குப் பெயர் வேண்டியதில்லை. அவளைப் போன்றோர் பலர்.

மாம்பலம் நிலையத்தை ஒட்டிய அரங்கநாதன் தெருவிலும் தியாகராய நகரிலும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நிறைந்துள்ளன. அவற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரிகின்றனர். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் வாடகை குறைந்த ஊரில் வாழும் ஒருத்தி காலை எட்டு மணிக்கு வண்டி ஏறுகிறாள். வண்டியில் இடமில்லை, நிற்கிறாள். கடையில் பகல் முழுதும் நின்றபடியே புடைவை விரித்துக் காட்டுகிறாள். வாங்குவோர் அமர்ந்திருப்பர், காட்டுபவள் நிற்பாள். பணிநேரத்தில் அமர்தல் கூடாது என்பது எழுதப்படாத விதியாய் நெடுங்காலம் இருந்தது. கால் நரம்பு புடைத்தலும் இடுப்புவலியும் இப்பணியின் ஊதியத்தோடு சேர்ந்தே வந்தன.

2018-இல் கேரளம் கடைப் பணியாளர்க்கு அமரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அமர இருக்கை தருதல் கடமை என்று விதித்தது. ஒரு நாற்காலிக்காகச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதுகாறும் இருந்த நிலையை உய்த்துணரலாம்.

கடை அடைக்க இரவு ஒன்பதரை ஆகிறது. கணக்கு முடித்து மாம்பலம் நிலையத்துக்கு ஓடி வருகிறாள். வரும் வண்டி தாம்பரம் வரை மட்டுமே செல்லும். செங்கற்பட்டு வரை செல்லும் வண்டிகள் அவற்றைவிடக் குறைவு. ஆகவே தாம்பரத்தில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். தாம்பரம் பலர்க்குப் பயணத்தின் முடிவு. அவளுக்கோ பயணத்தின் நடு. அந்தக் காத்திருப்பு பத்து நிமிடமாகவும் இருக்கலாம். நாற்பது நிமிடமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் நடைமேடையில் விளக்கு எரிகிறதா, அமர ஓர் இருக்கை உண்டா, கழிப்பறை திறந்திருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா, காவலர் ஒருவரேனும் கண்ணில் படுகிறாரா, வண்டி எப்போது வரும் என்று ஒலிபெருக்கி சொல்கிறதா என்பன யாவும் அவளுக்கு வாழ்வின் வினாக்கள்.

இரவு வண்டியில் இன்னோர் இடரும் உண்டு. காலையில் நெரிசலால் மூச்சுமுட்டும் மகளிர் பெட்டி, இரவு பத்துக்கு மேல் வெறுமையாகிவிடும். பெட்டியில் தனியாக அமர்வதைவிடப் பொதுப் பெட்டியில் கூட்டத்தோடு நின்று வருவதே மேல் என்று பல பெண்கள் கருதுகின்றனர். கூட்டமும் அச்சம் தருகிறது. கூட்டமின்மையும் அச்சம் தருகிறது. இரவில் காவலர் உடன்வரும் நாளில் மட்டுமே அவள் அப்பெட்டியில் அமர்கிறாள். பகல் முழுதும் நின்றவளுக்கு இருக்கை காலியாக இருந்தும் அமர முடியாமற்போவது எவ்வளவு பெரிய முரண்!

வீட்டில் அவளுடைய கணவனோ தாயோ வாயிலை நோக்கி இருக்கின்றனர். முல்லைத்திணையின் மாலை, இரவு பத்தரைக்கு நீண்டுவிட்டது. இருப்பவர் மாறினர், இருத்தலின் துயரம் மாறவில்லை. ஒருநாள் அவள் மிகத் தாமதமாக வந்தால், மறுநாள் ‘இந்த வேலை நமக்கு வேண்டாம்’ என்ற சொல் வீட்டில் பிறக்கிறது. பெண்கள் பலரின் வேலை தொழிலகத்திலோ கடையிலோ பறிபோவதில்லை. தாம்பரம் நடைமேடையின் அந்த நாற்பது நிமிடத்தில் பறிபோகிறது.

திரும்பி வராதவர்கள்

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக் கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகின்றனர். ஒரு காதையின் பெயரே புறஞ்சேரி இறுத்த காதை. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் சிலம்பை விற்றுப் பொருள் கொண்டுவர நகருக்குள் செல்கிறான். கண்ணகி ஆயர்பாடியில் இருக்கிறாள். நகருக்குள் பொருளின்பொருட்டுச் சென்றவன் திரும்பவில்லை. புறநகரில் ஒருத்தி காத்திருக்க, நகருக்குச் சென்ற ஒருவன் மீளாமற்போன கதை அது. அந்த ஒரு மீளாமைக்காகவே ஒரு நகரம் தீக்கிரையானது என்று இளங்கோவடிகள் பாடினார். சென்றவரைத் திருப்பி அனுப்புதல் நகரத்தின் அறம் என்பது அதன் உட்கிடை எனக் கொள்ளலாம்.

2018-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் காலை, மின்கம்பிக் கோளாற்றால் இத்தடத்தில் வண்டிகள் தடைப்பட்டன. நெரிசல் மிகுந்தது. ஒரு வண்டி விரைவுத் தடத்தில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அத்தடத்தை ஒட்டிக் கற்காரைச் சுவர் ஒன்று இருந்தது. படியில் தொங்கிச் சென்ற பயணிகள் அதில் மோதி வீழ்ந்தனர், உயிர்கள் பறிபோயின. படியில் பயணம் செய்தல் குற்றம் என்று அறிவிப்புப் பலகைகள் கூறுகின்றன. அது உண்மை. ஆயின் அன்று காலை வேலைக்குச் சென்றாக வேண்டியவர்க்குப் பெட்டிக்குள் இடம் இருந்ததா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்தொடர் வண்டி தொடங்கப்பட்டது. அதன் கதவுகள் தாமே மூடிக்கொள்வன. படியில் தொங்க வழியே இல்லை. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் தொடங்கியபோது அதில் மிகக் குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் அது 5 ரூபாய். மூடும் கதவு காக்கும் உயிர்களுள் முப்பத்தைந்து ரூபாய்க்காரர் உயிர், ஐந்து ரூபாய்க்காரர் உயிர் என வேறுபாடு இருத்தல் ஆகாது. அவ்வாண்டு ஜூன் மாதம் மும்பையின் மும்ப்ரா பகுதியில் பயணிகள் வண்டியிலிருந்து வீழ்ந்து உயிரிழந்தனர். அதன்பின், அந்நகருக்கு வரும் குளிர்சாதனமற்ற புதிய வண்டிகளிலும் தானியங்கிக் கதவுகள் அமையும் என இரயில்வே அறிவித்தது. அத்தகைய கதவு தாம்பரத்துப் பூக்காரம்மாளுக்கும் உரியதே.

இந்த வண்டிகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை ஒரு பெரும் மௌனம் உணர்த்தியது. 2020 மார்ச் மாத இறுதியில் கொரோனாப் பெருந்தொற்றால் புறநகர் வண்டிகள் நின்றன. பின்னர் இன்றியமையாப் பணியாளர்க்கு மட்டும் சிறப்பு வண்டிகள் ஓடின. அவ்வாண்டு நவம்பரில், நெரிசலற்ற நேரங்களில் பிற மகளிரும் பயணம் செய்ய இசைவு தரப்பட்டது. பொதுமக்களுள் முதலில் மகளிர்க்குக் கதவு திறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் நெரிசலற்ற நேரம் என்பது கடைப்பெண்ணின் நேரமுமன்று. தொழிலகப் பெண்ணின் நேரமுமன்று. அந்தத் திங்கள்களில் பலர் பேருந்துக்கும் தானிக்கும் ஊதியத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தனர். சிலர் வேலையையே விட்டனர்.

நிறைவாக

ஒரு நிலையத்தின் சிறப்பை எவ்வாறு அளப்பது? அங்கு நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் அளப்பர் சிலர்; ஈட்டும் வருவாயால் அளப்பர் சிலர்; கட்டட அழகால் அளப்பர் வேறு சிலர். இவை யாவும் தக்கனவே. இவற்றோடு இன்னோர் அளவுகோலையும் சேர்த்துக்கொள்ளலாம். இரவின் கடைசி வண்டியிலிருந்து இறங்கும் கடைசிப் பெண், அச்சமின்றித் தன் வீட்டை அடைகிறாளா என்பதே அந்த அளவுகோல். அவளுக்கு ஒளி வேண்டும், இருக்கை வேண்டும், தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும், ஏறத்தக்க படியும், படி ஏற இயலாதவர்க்கு மின்தூக்கியும் வேண்டும், தாம்பரத்தில் இறங்கியவுடன் செங்கற்பட்டு நோக்கிப் புறப்படும் ஓர் இணைப்பு வண்டி வேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுக்குரிய கனவன்று. அவளை நினைத்து வகுத்த ஒரு கால அட்டவணை பலவற்றைத் தீர்த்துவிடும்.

இலக்கிய அன்பர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஆய்மகள் விடியலில் மோர் விற்கச் சென்றாள் என்பதை இன்று நாம் அறிவதற்குக் காரணம், புலவர் ஒருவர் வழியில் நின்று அவளைப் பார்த்தார் என்பதே. அவர் பாராதிருந்தால் அவள் இலள். கால்நீட்டிப் பூத்தொடுப்பவளையும், மேம்பாலப் படியில் விரைபவளையும், வெற்றுப் பெட்டியில் அமர அஞ்சி நிற்பவளையும் பார்க்கும் கண்கள் இந்த அவையிலும் உள்ளன. அடுத்த பத்தாண்டுக்குள் இந்த இலக்கிய வட்டத்திலிருந்து எழும் கதைகளிலும் கவிதைகளிலும் பொருள்வயிற் பிரிந்து செல்லும் தலைவி இடம்பெறுவாளாக. அவள் நாள்தோறும் நலமாக மீள்வாளாக.